அடைக்கலப் பொருளும் மரணசாசனமும்

இவ்வுலகிலே நாம் அநுபவிக்கும் பொருள்களெல்லாம் யாருடையவை? இவ்வினாவுக்குச் சைவசமயிகள் தயங்காது சொல்லும் விடை, அவை சிவபெருமானுடையவை என்பதே. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும், ஆன்மாக்களின் வினைக்கீடாக, மாயையினின்றும் இறைவனாற் கூட்டப்பட்டவை என்று நமது சித்தாந்த சாத்திரங்கள் உணர்த்துகின்றன. நம்முடைய பாடசாலைகளிலே சிறுபிள்ளைகளும் இதனை வினாவிடையாகக் கற்று ஒப்புவிக்கின்றனர். ஆயினும், இவ்வுண்மையினின்றும் எழுங் கடமை யாது என்று வினவுமிடத்து, கற்றவர்களிடத்தும் ஒரு மயக்கம் காணப்படுகின்றது. அம்மயக்கத்தையே இங்கே எடுத்து ஆராய்கின்றோம்.

"எல்லாஞ் சிவன் பொருளாயின், எனக்குப்பின் இது இன்னாருக்கு என்று எழுதிவைக்க நான் யார்? மரணசாசனம் எழுதுதல் பொருளிலே பற்றுடையார் செய்கையன்றோ? வருவது வருக என்றிருத்தலே பற்றற்றார்க்கு முறை" என்று சிலர் சொல்லுகின்றனர். கேட்பதற்கு இவ்வுரை துறவின் உரைபோலத் தோன்றும். இதன் உண்மை இன்மைகளை, நாமறிந்த ஒரு குடும்பத்திலே நிகழ்ந்தது கொண்டு முதலிற் காண்போம்.

நல்லாசிரியர் ஒருவர் இருந்தார். சமயதீட்சை பெற்றவர், நாடோறும் சிவபூசை முடித்தன்றி உண்ணாதவர், தம்மிடங் கற்ற பிள்ளைகளுக்குத் திருமுறையை அன்போடு ஓதுவித்தவர். அவருக்கு மக்கள் நால்வர். மூத்த மகளுக்குச் சீதனம் எழுதி விவாகஞ் செய்துவைத்தார். பின்பு பனங்காணியொன்றை ஈடுவைத்து, அப்பணத்தினால் மூத்த மகனை அந்நிய தேசத்துக்கு அனுப்பினார். இளைய மகன் தமையனைப் பின்பற்றிச் சென்றான். கடைசி மகள் விவாகமின்றி வீட்டிலிருந்து, தாயையும் அவளுக்குப்பின் தகப்பனையும் நெடுங்காலம் பராமரித்தாள். எஞ்சியிருந்தது வீடும் அது நின்ற நாலு பரப்பு வளவுமே. "பிள்ளை, இந்த வீடு உனக்குத்தான்" என்று அவர் பலமுறை வாயாற் சொன்னார். எழுதும்படி நண்பர்கள் வற்புறுத்தியபோது, "எல்லாஞ் சிவன் பொருள், எழுத நான் யார்?" என்று மறுத்துவிட்டார்.

அவர் தேகவியோகமானபின், வாயாற் சொன்ன சொல் நிலத்தை மாற்றவில்லை. வீடும் வளவும் நால்வருக்கும் பொதுவாயின. தமக்கை பெற்ற சீதனத்தைக் கணக்கிற் சேர்க்க வேண்டுமென்று தம்பியர் வாதித்தனர். அங்ஙனமாயின், தம்பியை அனுப்பச் செலவிட்ட பணத்தையுஞ் சேர்க்க வேண்டுமென்று தமக்கை வாதித்தாள். அப்பணம் எவ்வளவு, கொடையாகக் கொடுத்ததா, கடனாகக் கொடுத்ததா என்பதற்கு ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை. பணிவிடை செய்தவள், தான் இருந்த வீட்டிலே காற்பங்குக்காரியாய் நின்றாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் வந்த வாய்ப்பேச்சு ஆட்டைத் திவசத்துக்குமுன் வழக்காயிற்று. அத்திவசம் இரண்டு வீடுகளிலே வெவ்வேறாகச் செய்யப்பட்டது. ஒரு தகப்பனுக்கு மக்கள் கூடியிருந்து ஒரு பிண்டம் இடவும் இயலாத நிலை, அவரது பற்றின்மையாலா வந்தது?

இங்கே அரசாங்கச் சட்டத்தைக் குறைகூறுதல் பொருந்தாது. அது யாது சொல்லுகின்றது என்பதை ஆசிரியர்கள் சிறிது அறிந்திருத்தல் நலம். யாழ்ப்பாணத்துத் தமிழர்களின் தேசவழமை, ஒல்லாந்தர் காலத்திலே, கிளாஸ் ஈசாக்ஸ் என்னும் திசாவையாற் தொகுக்கப்பட்டு, முதலியார் பன்னிருவராற் பார்வையிடப்பட்டு, 1707ஆம் ஆண்டிலே நிலைபெற்றது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனை அங்கீகரித்தனர். முன்னோரிடமிருந்து வந்தது முதுசொம் எனவும், பெண்ணுக்கு விவாகத்திலே கொடுக்கப்பட்டது சீதனம் எனவும், இல்லறத்திலே ஈட்டப்பட்டது தேடியதேட்டம் எனவும் அது பொருளை வகுத்தது. சீதனம் பெற்ற மகள் அதனோடு அமைந்து, பெற்றோரின் எஞ்சிய பொருளைச் சகோதரருக்கு விடவேண்டும் என்பது அப்பழைய தொகுப்பின் விதி.

பின்பு, 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாகவுரிமை வழியுரிமைக் கட்டளைச்சட்டம் அவ்விதிகள் பலவற்றை மாற்றியது. சாசனமின்றி இறந்தவருடைய பொருளை மக்கள் ஆண் பெண் என்னும் வேற்றுமையின்றி அடைவர். விவாகத்தின்போதோ, வாழ்க்கையில் முன்னேற்றும்பொருட்டோ, மற்றையோரினும் மேலாக ஒருவர் பெற்றதைப் பங்கிடும்போது கணக்கிற் கொணர்தல் வேண்டும். பெற்றோர் அதனை விலக்கினாரென்று காட்டினால், கொணர வேண்டுவதில்லை. தேடியதேட்டம் பற்றிய விதி 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தால் மீளவுந் திருத்தப்பட்டது. அவ்வாண்டின் 59ஆம் இலக்கச் சட்டம், பங்கு பிரியாத காணியிலே ஒருவர் தம் பங்கை விற்கப்புகின், உடன்பங்காளரும் உரித்தாளருமே முதற்கண் வாங்கும் உரிமை உடையர் என்று வரையறுத்தது. மட்டக்களப்பு முதலிய பிற இடத்துத் தமிழருக்குத் தேசவழமை செல்லாது. அவர்க்குப் பொதுச்சட்டமே அளவை.

மேற்கூறியவற்றை நோக்குமிடத்து, சட்டம் மக்களெல்லாரையும் ஒப்பவே வைக்கின்றது என்பது விளங்கும். எவள் பணிவிடை செய்தாள், எவன் ஒரு கடிதமும் எழுதாதிருந்தான், எப்பிள்ளை நோயாளி, எப்பிள்ளை செல்வன் என்பவற்றைச் சட்டம் அறியாது. அவற்றை அறிந்தவர் பெற்றோர் ஒருவரே. அறிந்தவர் வாய்மூடி இறந்துவிட, அறியாத சட்டம் பங்கிடுகின்றது. அங்ஙனமாகப் பிழை யாருடையது?

இனி, "எழுத நான் யார்" என்னும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். பொருள் சிவனுடையதாயின், அது நம்மிடத்து இருப்பது எவ்வகையால்? அடைக்கலமாக என்பதே விடை. அடைக்கலப் பொருளின் தன்மையைத் திருத்தொண்டர் புராணம் இரண்டு நாயன்மார் சரித்திரங்களால் விளக்குகின்றது. தில்லையிலே திருநீலகண்டக் குயவனாரிடத்து இறைவர் சிவயோகியாராய் எழுந்தருளி ஓர் ஓட்டினை ஒப்புவித்தார். பின்பு வந்து அதனைக் கேட்டபோது, நாயனார் வைத்தவிடத்திலே காணாமையாற் பட்ட துயர் சொல்லுந்தரத்ததன்று. பழையாறையிலே வணிகராய் வாழ்ந்த அமர்நீதி நாயனாரிடத்து ஒப்புவிக்கப்பட்டது ஒரு கோவணம். அது மறைந்தபோது, தம் பொருளெல்லாவற்றையும், முடிவிலே தம்மையும் மனைவியாரையும் புதல்வரையும் அவர் துலையில் ஏற்றினார்.

ஓடும் கோவணமும் விலைமதிப்பாற் சிறியன. ஆயினும், "இஃது என்னுடையதன்று, ஆதலால் இதற்கு யாது நேரினும் எனக்கென்ன" என்று அவ்விருவருள் ஒருவரும் இருந்திலர். பிறருடையதாய் இருந்தமையினாலேயே அவர்கள் நடுங்கினார்கள். தன் பொருளைக் கவனியாது விடுபவன் தனக்கே கேடு செய்கின்றான். பிறன் பொருளைக் கவனியாது விடுபவனோ, ஒப்புவித்தவனுக்குப் பிழைசெய்கின்றான். ஆகவே, எல்லாஞ் சிவன் பொருள் என்னும் உண்மையினின்றும் பெறப்படுவது, கணக்கோடு ஒப்புவித்தல் வேண்டும் என்னுங் கடமையே. எழுதாதிருக்கும் உரிமை அதனினின்றும் பெறப்படமாட்டாது.

அன்றியும், எழுத மறுப்பவர் உண்மையிலே பற்றற்றவரா என்பதும் ஆராயற்பாலது. வீட்டையும் வளவையும் "எனது" என்று இறுதிமூச்சு வரை ஆண்டு, ஈடுவைத்து, வேலியடைத்து, எல்லைக்கு வழக்காடிய ஒருவர், எழுதுமிடத்து மாத்திரம் "எனதன்று" என்பாராயின், அது எத்தகைய துறவு? நம் மனத்தை நாமே சோதிப்போமாயின் உண்மை வெளிப்படும். மரணசாசனம் எழுத உட்காருபவன், தான் இல்லாத வீட்டை நினைத்தல் வேண்டும்; தன் கிணற்றிலே பிறர் நீரிறைப்பதையும், தன் அலுமாரியைப் பிறர் திறப்பதையும் நினைத்தல் வேண்டும். "யான், எனது" என்னும் செருக்கு அவ்வேளையிலே தன் வேரிற் தொடப்படுகின்றது. அந்நோவுக்கு அஞ்சியே பலரும் நாளையென்று தள்ளுகின்றனர். தள்ளியதற்குத் துறவென்று பெயருமிடுகின்றனர். நாம் கருதுமிடத்து, தெளிந்த அறிவோடு ஒருவன் தன் சாசனத்தை எழுதி முடிக்கும் அந்த ஒருமணி நேரம், இல்வாழ்வானுக்குக் கிடைக்கும் வைராக்கிய சாதனைகளுள் ஒன்றாகும்.

"மரணத்தைப் பேசுதல் அமங்கலம்" என்பர் வேறு சிலர். நாடோறும் யாக்கை நிலையாமையைப் பதிகங்களிலே ஓதிவிட்டு, அந்நிலையாமைக்கு ஏற்ற ஒரு செய்கையை அமங்கலமென்று விலக்குதல், ஓதியதை உணராமையன்றோ? மருணீக்கியார் தாய்தந்தையரை இழந்தபின், உலகநிலையாமையை உணர்ந்து, பொருளை அறச்சாலைக்கும் தண்ணீர்ப்பந்தருக்கும் செலவிட்டார் என்று சேக்கிழார் கூறுகின்றார். நிலையாமை உணர்ச்சி அவரிடத்து ஒழுங்கான கொடையாக முடிந்தது.

"எழுதிவிட்டால் மக்கள் மதியார்" என்னும் அச்சமும் உண்டு. இவ்வச்சம், நன்கொடை உறுதியையும் மரணசாசனத்தையும் ஒன்றென மயங்கியதனால் எழுவது. நன்கொடை உறுதி, எழுதி ஏற்றுக்கொள்ளப்பட்டபின் உரித்தை மாற்றிவிடும். அதனை மீட்டல் எளிதன்று. அதனாலேயே, நன்கொடை எழுதுவோர் தம் சீவிய உரித்தை விலக்கி வைத்துக்கொள்ளுதல் வழக்கம். மரணசாசனமோ, இறந்தபின்னரே பயன்படுவது. உயிரோடிருக்குங்காறும், அறிவு தெளிவாயுள்ளபோது, அதனை மாற்றவும் நீக்கவும் எழுதியவருக்கு அதிகாரம் உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, அது எழுத்திலமைந்து, நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும். நொத்தாரிசு இல்லாதவிடத்துச் சாட்சிகள் ஐவர் வேண்டும். பங்கு பெறுவோரைச் சாட்சியாக வைத்தல் தகாது.

பங்கிடாது விடுவதனால் வருங் கேட்டை, ஆசிரியர்கள் ஒரு கணக்கினால் மாணாக்கருக்குங் காட்டலாம். பரப்பொன்றுக்கு 18 குழி என்னும் வழக்கின்படி, நாலு பரப்பு வளவு 72 குழியாகும். ஒவ்வொரு தலைமுறையிலும் மக்கள் நால்வராக, பங்கு பிரியாது மூன்று தலைமுறை செல்லின், பங்காளர் அறுபத்துநால்வர். ஒருவர் பங்கு ஒன்றே அரைக்காற் குழி. அதிலே வீடு கட்டுதலுமில்லை, பயிர் செய்தலுமில்லை. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பங்கும் அவ்வாறே நுணுகும். இறுதியிலே 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டப்படி வழக்கிட்டு, நிலத்தின் பயனிலே பெரும்பகுதியைச் செலவுக்குக் கொடுப்பர்.

இக்காலத்தில் இக்கேடு முன்னினும் பெரிது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே வலிகாமத்து மக்கள் வீடுவாசல்களை விட்டு ஒருங்கே பெயர்ந்தபோது, உறுதிப் பெட்டிகள் பல அழிந்தன. உரித்தாளர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்க, நிலம் இங்கே பற்றைபடர்ந்து கிடக்கின்றது. ஆட்சியினால் உரித்துக் கோரும் வழக்குகளிலே, 1983ஆம் ஆண்டு மே மாதம் முதல் 2009ஆம் ஆண்டு மே மாதம் வரையுள்ள காலத்தை இடம்பெயர்ந்தோருக்கு எதிராக எண்ணாது விலக்குதற்கு, 2016ஆம் ஆண்டிலே தனிச்சட்டமொன்று இயற்றவேண்டியதாயிற்று. பெற்றோர் இருவரும் இருக்கும்போதே காணிப் பதிவகத்திலே உறுதிப் பிரதிகளைப் பெற்று, நில அளவைப் படங்களோடு ஒழுங்குசெய்து வைத்தல், இன்றைய குடும்பங்களுக்குத் தள்ளத்தகாத கருமமாம்.

இனி ஆராய வேண்டுவது, எவ்வாறு எழுதுதல் நீதி என்பது. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், ஒருவர் தம் பொருளை விரும்பியவருக்கு விரும்பியவாறு கொடுக்கும் பெருஞ்சுதந்திரத்தை அளித்தது. பெற்ற பிள்ளைக்கு ஒன்றும் விடாது அயலானுக்கு எழுதினும், சட்டம் அதுபற்றி வினவாது. ஆயின், சட்டம் வினவாத இடத்திலேயே தருமம் வினவத் தொடங்குகின்றது. அடைக்கலம் வைத்திருப்பவன், தன் கோபத்தைத் தீர்க்கும் கருவியாக அப்பொருளைப் பயன்படுத்த உரிமையுடையவனல்லன். மகன் தனக்கு விருப்பமில்லாத விவாகஞ் செய்தான் என்று அவனை விலக்கி எழுதுபவன், தான் இறந்தபின்னும் அடித்துக்கொண்டே இருக்கின்றான். அவ்வடியைத் தடுப்பதற்கு அவனும் இல்லை; மன்னிப்பதற்கும் அவனில்லை.

ஆதலால், சாசனம் எழுதும் சைவர் நான்கினை முறையே கருதுதல் நன்று. முதலாவது கடன்: பிறர்க்கு இறுக்கவேண்டியதை இறுத்தபின்னரே எஞ்சியது நம்மிடத்து ஒப்புவிக்கப்பட்டதாகும். இரண்டாவது, தம் கையால் வாழ இயலாதோர்: கைம்மையாகும் மனைவி, நோயுற்ற பிள்ளை, விவாகமின்றிப் பெற்றோரைப் பேணிய மகள் என்பவர்கள். மூன்றாவது, மக்களிடையே நடுவுநிலைமை: யாருக்கு முன்னே யாது கொடுத்தோம், அதனைக் கணக்கிற் சேர்க்கவேண்டுமா, விலக்கவேண்டுமா என்பதைக் காரணத்தோடு எழுதுதல். பங்கு ஒப்பாயிருத்தலே எப்பொழுதும் நடுவாகாது. ஆயின், ஒப்பல்லாத பங்குக்குக் காரணஞ் சொல்லாது விடுதல் எப்பொழுதும் பிழையாகும். நான்காவது தருமம்: கோயிலுக்கும் பாடசாலைக்கும் ஏழைகளுக்கும் இயன்ற பங்கு.

தருமத்தை நான்காவதாக வைத்தது கண்டு சிலர் வியப்பர். இரண்டாவதிலே கூறியோரைத் தெருவிலே விட்டுக் கோபுரத்திலே தம் பெயரைப் பொறிப்பித்தல் சிவபுண்ணியமாகுமா? பிறருக்குரியதை எடுத்துச் சிவனுக்குக் கொடுப்பவன் சிவனுக்குத் தன்னுடையதொன்றையுங் கொடுத்திலன். இவ்வாறு சொல்லுதலால், தருமசாதனத்தை நாம் இலேசாக மதிக்கின்றோம் என்று கொள்ளற்க. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தகாலந்தொட்டு, நம் பாடசாலைகள் நின்ற நிலம் பெரும்பாலும் அன்பர் பலர் மனமுவந்து எழுதிக்கொடுத்த நிலமே. 1960, 1961ஆம் ஆண்டுகளிலே அப்பாடசாலைகளிற் பல அரசாங்கத்தின் வசமாயின. எழுதியவருடைய எண்ணமோ இன்னும் உறுதிகளிலே வாழ்கின்றது. இக்காலத்திலே தருமத்துக்கு எழுதுவோர், "கோயிலுக்கு" என்று பொதுப்பட எழுதாது, 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டத்துக்கு இணங்க, நோக்கம் யாது, பொறுப்பாளர் யாவர், ஒருவர் நீங்கின் மற்றவர் எவ்வாறு வருவர் என்பவற்றைத் தெளிவாக எழுதுவிப்பாராக.

சைவாசிரியர்களே, இவ்விஷயத்திலே உங்கள் கடமை இரண்டு. கிராமத்திலே எழுத்தறிவுடையாரென்று உங்களை நம்பி, "வாத்தியார், ஒரு சாசனம் எழுதித் தாருங்கள்" என்று முதியோர் வருவர். சட்டமறியாது எழுதிக் கொடாதேயுங்கள். தக்க நொத்தாரிசிடம் அனுப்புங்கள். அனுப்புமுன், மேற்கூறிய நான்கினையும் அவர் மனத்திலே படும்படி பேசுங்கள். அது நொத்தாரிசு செய்யமாட்டாத பணி. சாட்சியிட அழைத்தால் மறுக்கற்க; ஆயின், எழுதுபவர் பிறர் வற்புறுத்தலின்றித் தெளிந்த அறிவோடு எழுதுகின்றாரா என்பதைக் கண்ணாற் கண்டபின்னரே ஒப்பமிடுங்கள்.

இரண்டாவது, உங்கள் சொந்தக் கருமம். நாம் முன்னர்ச் சொன்ன நல்லாசிரியர் கற்பித்த மாணாக்கர் பலர் இன்று ஆசிரியராய் இருக்கின்றனர். அவர் ஓதுவித்த பதிகங்கள் அவர்கள் நாவிலே நிற்கின்றன. அவர் சிவபூசை செய்த அறையோ வழக்கு முடியுமளவும் பூட்டப்பட்டிருக்கின்றது. திறப்பு யாரிடம் இருப்பது என்பதிலும் பிணக்கு. அவர் பற்றில்லாதவரே என்று நாம் இன்றும் நம்புகின்றோம். ஆயின், ஒப்புவித்தலில்லாத பற்றின்மை, பின்னிருப்போருக்குப் பாரமாய் முடிந்தது.

தீட்சைக் காலத்திலே உடல், பொருள், ஆவி என்னும் மூன்றையும் ஆசாரியர் திருமுன்னர் ஒப்புவித்தோம். உடலை ஒருநாள் நெருப்பு வாங்கிக்கொள்ளும். ஆவியை இறைவன் அருளுவான். நடுவே நின்ற பொருளை ஒழுங்காக ஒப்புவிக்கும் பணி ஒன்றே நம் கையில் உள்ளது. கை தளருமுன், கண் மங்குமுன், அறிவு தெளிந்திருக்கும் இப்பொழுதே அதனைச் செய்து முடித்து, மக்கள் ஒருங்கிருந்து நமக்குத் திவசஞ் செய்யும்படி வைத்துச் செல்வோமாக. திருவருள் முன்னிற்க.